அணைக்கலாமா? பேக்கிங் செக்ஷனில் பாதியில் நின்ற ஓர் அப்டேட்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பொழுது சாய்ந்ததும் பனியன் கம்பெனி வாசல்களில் கூட்டம் சேர்ந்து கலையும். கவரை எண்ணிப் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம் அது. போன ஆடியில் அப்படி ஒரு சனிக்கிழமை, மணி 7 தாண்டியதும், பல்லடம் சாலையில் உள்ள ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் இருந்த கம்ப்யூட்டரைச் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிட்டார்கள். உள்ளே அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது.

அட்டைப்பெட்டிகளுக்குப் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கிற கம்ப்யூட்டர் அது. மறுநாள் ஷிப்மெண்ட் அவசரத்துக்காக அரை நாள் வேலை வைத்திருந்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரி மதியம் வருவதாக ஏற்பாடு. ஞாயிறு வெடியால எனக்குப் போன் வந்தது.

"தம்பி, பொட்டி கருப்பா இங்கிலீசுல என்னமோ கேட்டுட்டு நிக்குதுங்க. எண்டர் தட்டுனா மறுக்கா அதையேதானுங்க கேக்குது."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பழைய ஹார்ட் டிஸ்க். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் கோப்பு முறைமை குழம்பி, இயங்குதளம் ஏறாமல், அதை ஏற்றிவிடும் சிறு தொடக்கத் தொகுப்பான 'இனிட்ராம்எஃப்எஸ்' காட்டும் அவசரத் திரையில் நின்றிருந்தது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே நிரலை ஓட்டிச் சரிசெய்து, பாதியில் நின்ற பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை), அவற்றை நிறுவும் நிரலான டிபிகேஜியின் 'கான்ஃபிகர்' கட்டளையால் முடித்து, ஒரு சோதனை ஸ்டிக்கர் அடித்துப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. லாரி காத்திருந்தது. பெட்டிகள் ஸ்டிக்கர் இல்லாமல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன.

முதலாளி அதிகம் கோபப்படவில்லை. "அந்தம்மாகிட்ட ஒருக்கா சொல்லி வெச்சிருங்க, அப்டேட் ஓடறப்ப அணைக்கப்படாதுன்னு" என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் பேக்கிங் செக்ஷனுக்குப் போனேன். அங்கே போய், கம்ப்யூட்டரை அணைத்த அக்காவிடம் பேசிய பிறகு, சொல்லி வைக்க வேண்டியது அவரிடம் அல்ல என்று புரிந்தது. அப்டேட் ஓடியது என்பதே அவருக்குத் தெரிய வழியில்லாதபடி நான்தான் செய்து வைத்திருந்தேன். அந்தக் கம்பெனியின் 14 கம்ப்யூட்டர்களையும் மாதம் இரண்டு முறை போய்ப் பார்ப்பது என் வேலை. டெஸ்க்டாப்பில் 'அப்டேட்' என்று ஒரு ஐகான் வைத்து, அதன் பின்னால் ஓடும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, எழுதியவனும் நானே.

அக்கா சொன்னது

"நீங்க சொன்ன மாதிரியே 6 மணிக்கு அதை அமுக்குனனுங்க. கருப்பு டப்பா ஒண்ணு வந்துச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லீங்க. அப்புறம் ஒரே மூச்சுல நெறைய எழுத்து கொட்டுச்சு, நின்னுபோச்சு. மறுக்கா கொட்டுச்சு, மறுக்கா நின்னுச்சு. அதுக்கப்புறம் வரவே இல்லீங்க. சரி தூங்கிருச்சாட்ட இருக்குதுன்னு கீபோர்டைத் தட்டிப் பாத்தனுங்க. நான் தட்டுன எழுத்து மட்டும் வந்துச்சு, வேற பதில் இல்லீங்க. வாட்ச்மேன் அண்ணன் மெயினை எறக்கறதுக்கு நின்னுட்டு இருந்தாரு. அவரு எறக்குனா எப்படியும் போகப்போகுது, நாமளே பதனமா அணைச்சிரலாம்னு அணைச்சனுங்க."

இதை நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு தொழில்நுட்பத் தடயம் இருக்கிறது. 'ஒரே மூச்சுல கொட்டுச்சு, நின்னுபோச்சு' என்பது அவற்றுள் முக்கியமானது. 'நான் தட்டுன எழுத்து மட்டும் வந்துச்சு' என்பதும் சரியான கவனிப்பு. டெர்மினலில், அதாவது அந்தக் கருப்பு டப்பாவில், நாம் தட்டுகிற எழுத்தைத் திரையில் காட்டுவது இயங்குதளத்தின் மையமான கர்னலின் டெர்மினல் பகுதி. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் செத்தே போயிருந்தாலும் அந்த எழுத்து வரும். ஆக, நிரல் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தவருக்குக் கிடைத்தது வேறு யாரோ சொன்ன பதில்.

இன்னொன்றும் இதில் உண்டு. அக்கா வளர்ந்தது சோமனூர்ப் பக்கம், விசைத்தறிக் குடும்பம். என் வீட்டிலும் தறி ஓடியது. தறிச் சத்தத்தில் குழந்தைகள் அயர்ந்து தூங்கும். சத்தம் நின்றால்தான் வீடே விழித்துக்கொள்ளும், நூல் அறுந்ததா கரண்ட் போனதா என்று. எங்கள் ஊர்க் காதுக்குச் சத்தம் என்றால் வேலை நடக்கிறது, அமைதி என்றால் நின்றுவிட்டது. நிட்டிங் மிஷினும் அப்படியே. நூல் அறுந்தால் மிஷின் நிற்கும், எந்த ஃபீடரில் அறுந்ததோ அங்கே விளக்கு எரியும். ஆபரேட்டர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட மிஷின்களோடு இருபது வருஷம் பழகியவர் முன்னால், பேசாமல் வேலை செய்கிற ஒரு மிஷினை நான் வைத்திருந்தேன். அவர் எடுத்த முடிவில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கிரிப்டில் என்ன இருந்தது

மூன்று வருஷத்துக்கு முன் எழுதியது, நாலே வரி. லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 22.04-இல், பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் கருவியின் ஆப்ட்-கெட் கட்டளையை இரட்டைக் 'கியூ' விருப்பத்தோடு கூப்பிடுகிறது. பிழை தவிர வேறெதையும் சொல்லாதே என்பது அதன் பொருள். வெளிவருவதை, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததுக்கு ஊட்டும் பைப் வழியாக, கிரெப் என்ற நிரலிடம் கொடுத்து, வேண்டாத வரிகளை வடிகட்டி, டீ கட்டளை வழியாகத் திரைக்கும் ஒரு லாக் (பதிவு) கோப்புக்கும் அனுப்புகிறது. சர்வரில் பழகிய கை எழுதியது. அங்கே யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, லாக் சுத்தமாக இருந்தால் போதும்.

ஆப்ட் அப்டேட்டை இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதலில் தேவையான பேக்கேஜ்களை எல்லாம் இறக்கிக்கொள்கிறது. பிறகு டிபிகேஜியைக் கூப்பிட்டு அவற்றைப் பிரித்து, இருக்கிற கோப்புகளுக்கு மேல் வைத்து, அமைக்கிறது. இரட்டைக் கியூ முதல் கட்டத்தை முழுக்க ஊமையாக்கிவிடும். இரண்டாம் கட்டத்தில் டிபிகேஜி தன் வரிகளைச் சொல்லும். அக்கா முதலில் பார்த்த 'ஒண்ணுமே இல்லீங்க' என்பது இறக்கும் நேரம்.

கொட்டி நின்றதற்குக் காரணம் கிரெப். ஒரு நிரல் நேராகத் திரைக்கு எழுதும்போது, நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி நூலகம் ஒவ்வொரு வரி முடிந்ததும் வெளியே விடும். அதே நிரல் பைப்புக்குள் எழுதினால் பஃபர் என்ற தற்காலிக இடம் நிரம்பும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். லினக்ஸில் பைப்புக்கு அது வழக்கமாக 4096 பைட். பேக்கிங் செக்ஷனில் பெட்டி நிறையாமல் டேப் ஒட்டமாட்டார்கள் அல்லவா, அதே கணக்கு. ஒரு வரிக்கு 80 எழுத்து என்று வைத்தால் ஏறத்தாழ 50 வரி சேர்ந்தால்தான் ஒரு பெட்டி வெளியே வரும். கிரெப்புக்கு 'லைன் பஃபர்டு' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதை நான் போடவில்லை.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். ஆப்ட் தானாகவே வைத்துக்கொள்ளும் 'டெர்ம்' லாக் ஒன்று உண்டு, டிபிகேஜி சொன்ன ஒவ்வொரு வரியும் அதில் பதிவாகும். அதைத் திறந்து பார்த்தேன். கடைசி வரி, புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன் என்ற அறிவிப்பு. அநேகமாக எல்லாம் முடிந்து, ட்ரிகர் எனப்படும் இறுதி வேலைகள் மட்டும் பாக்கி. அந்த வரியை டிபிகேஜி சொல்லிவிட்டது, ஆப்ட் எழுதி வைத்துக்கொண்டது, திரைக்கு மட்டும் வரவில்லை. கிரெப்பின் நிரம்பாத பெட்டிக்குள் கிடந்தது. அக்காவுக்கு அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் வாட்ச்மேன் அண்ணனை இன்னும் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லியிருப்பார்.

இன்னொரு சந்தேகத்தையும் சோதித்தேன். அப்டேட்டின் நடுவே சில சமயம் கேள்வி வரும்: நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று. அந்தக் கேள்வி வரி முடியாமலே கர்சரோடு நிற்பது. கிரெப் வரியாகத்தான் விழுங்கும் என்பதால் அப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் அது வெளியே வந்தே இருக்காது. கம்ப்யூட்டர் பதிலுக்காகக் காத்திருக்க, அக்கா கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்திருப்பார். அன்றைக்கு அது நடக்கவில்லை, லாக்கில் கேள்வி எதுவும் இல்லை. ஆனால் என்றைக்காவது நடந்திருக்கும். இருப்பதையே வைத்துக்கொள் என்ற விருப்பத்தை அன்றே சேர்த்தேன். உபுண்டு 22.04-இல் அப்டேட் முடிந்ததும் எந்தச் சேவைகளை மறுபடி தொடங்கலாம் என்று கேட்கும் நீட்ரீஸ்டார்ட்டையும் கேட்காமல் செய்யும்படி மாற்றினேன்.

திரும்ப ஓட்டிப் பார்த்தது

அதே மாதிரியான இன்னொரு பழைய கம்ப்யூட்டரில், அதே ஸ்கிரிப்டை ஓட்டி, திரையைப் போனில் வீடியோ எடுத்தேன். வேகம் எனக்கு இரண்டாம் பட்சம். எங்கெங்கே திரை எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது என்பதையே குறித்தேன். மொத்தம் அரை மணி நேரம் ஓடியதில், கடைசி அமைதி மட்டும் 6 நிமிடத்துக்கு மேல். மேன் பக்கங்கள் எனப்படும் உதவிக் குறிப்புகளின் பட்டியலைப் புதுப்பிப்பதும் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்குவதும் அதற்குள் அடக்கம்.

6 நிமிடம் என்பது மனிதப் பொறுமைக்கு எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி இந்தத் துறையில் பழைய அறிவு இருக்கிறது. 1968-லேயே ராபர்ட் மில்லர் கம்ப்யூட்டரின் பதில் நேரத்தைப் பற்றி எழுதினார். ஜேக்கப் நீல்சன் 1993-இல் அதை மூன்று எல்லைகளாகச் சொன்னார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் நாம் தொட்டதும் நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை நினைவோட்டம் அறுபடாது. 10 விநாடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும்; அதற்கு மேல் ஆகும் வேலை என்றால் எவ்வளவு முடிந்தது என்று காட்டியே ஆக வேண்டும். சதவீதம் காட்டும் பட்டையை மக்கள் விரும்புகிறார்கள் என்று 1985-லேயே பிராட் மையர்ஸ் சோதித்துக் காட்டிவிட்டார். இத்தனையும் தெரிந்த பிறகும் நம் கையால் எழுதும் நாலு வரி ஸ்கிரிப்டில் இதை மறந்துவிடுகிறோம். நான் மறந்தேன்.

ஆப்ட்டை எழுதியவர்கள் மறக்கவில்லை. 2014-இல் வந்த ஆப்ட் 1.0 டெர்மினலின் அடிவரியில் பச்சைப் பட்டை ஒன்றைக் காட்டத் தொடங்கியது. 2020-இல் வந்த 2.0, ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் நிறுவாமல் தடுக்கும் பூட்டை வேறொரு நிரல் பிடித்து வைத்திருந்தால் பிழை சொல்லி விழாமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. எந்த நிரல் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்கிறது. ஆனால் பட்டை டெர்மினலுக்கு உரியது. வெளியீடு பைப்புக்குப் போகிறது என்று தெரிந்தால் ஆப்ட் அதை வரையாது, லாக்கில் குப்பை சேரக் கூடாதே என்பதால். நான் கூப்பிட்ட ஆப்ட்-கெட் வழக்கமாக அந்தப் பட்டையைக் காட்டாது; காட்டச் சொல்லியிருந்தாலும் என் பைப் அதை எடுத்துவிட்டிருக்கும். ஆப்ட் ஏற்கெனவே லாக் வைத்திருக்கும்போது நான் தனியாக ஒரு லாக் வைக்கப் போய் வந்த வினை.

முதல் திருத்தம் போதவில்லை

இரட்டைக் கியூவையும் கிரெப்பையும் டீயையும் தூக்கிவிட்டு வெறும் ஆப்ட்டை ஓடவிட்டேன். உடனே உயிர் வந்தது. வரிகள் ஓடின, பட்டை நகர்ந்தது. அக்காவை உட்காரவைத்துக் காட்டினேன்.

"ஓடுதுங்க தம்பி. ஆனா என்ன சொல்லுதுன்னு தெரியலீங்களே. பச்சைக் கோடு பாதிக்கு மேல வந்து நின்னுக்குச்சு, அது சரிங்களா?"

சரியான கேள்வி. ஆப்ட்டின் சதவீதம் நேரத்தை அளப்பதில்லை, டிபிகேஜியின் படிகளை எண்ணுகிறது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பிரித்தல், வைத்தல், அமைத்தல் என்று படிகள். கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற சின்ன நூலகத்துக்கும் நிமிடக்கணக்கில் ஓடும் கர்னல் வேலைக்கும் அதே எடை. அதனால் பட்டை குதிரை மாதிரி ஓடிவந்து, கடைசியில் எருமை மாதிரி நின்றுவிடும். தெரிந்தவருக்கு அது பழக்கம். தெரியாதவருக்கு, ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்றுதான் தோன்றும். ஒருவகையில் முன்பைவிடப் பயம் அதிகம்.

தமிழில் சொல்லலாம் என்று நடுநடுவே தமிழ் வரிகளை டெர்மினலில் எழுத முயன்றேன். எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற டெர்மினலின் கணக்கு நம் எழுத்துக்கு ஒத்துவரவில்லை. கொம்பும் காலும் பிரிந்து பக்கத்துக் கட்டத்தில் ஏறி உட்கார்ந்தன. வரைகலைச் சூழலே இல்லாத லினக்ஸ் கன்சோலில் இன்னும் மோசம், அதன் எழுத்துருவுக்கு மொத்தம் 512 வடிவங்கள்தான் இடம். பேசுகிற விஷயத்தைவிட எழுத்துப் பிழைதான் கண்ணில் பட்டது. அந்த வழியை விட்டேன்.

இரண்டாம் திருத்தம்

ஆப்ட்டுக்கு 'ஸ்டேட்டஸ்-எஃப்டி' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு கோப்பு எண்ணை, அதாவது நிரல் எழுதும் ஒரு வழிக்கான எண்ணைக் கொடுத்தால், மனிதருக்கான வெளியீட்டிலிருந்து தனியாக, நிரல்கள் படிக்கத்தக்க வரிகளை அதில் எழுதும். இறக்கும்போது 'டிஎல்ஸ்டேட்டஸ்', நிறுவும்போது 'பிஎம்ஸ்டேட்டஸ்' என்று வரி தொடங்கும். பிறகு பேக்கேஜ் பெயர் (இறக்கும்போது ஓர் எண்), சதவீதம், செய்தி, நடுவில் முக்காற்புள்ளி. அதை வாங்கி ஸெனிட்டி என்ற சின்ன நிரலுக்குக் கொடுத்தால் அது ஒரு ஜன்னலில் பட்டை காட்டும். எண் கொடுத்தால் பட்டை நகரும், ஹாஷ் குறியோடு வரி கொடுத்தால் வாசகம் மாறும். வரைகலை ஜன்னல் என்பதால் தமிழ் ஒழுங்காக வரும்.

கேட்க எளிது. இரண்டு நாள் பிடித்தது, இரண்டு குழியில் விழுந்ததால். முதல் குழி, நிர்வாகி உரிமையோடு நிரலை ஓட்டும் சூடோ. பாதுகாப்புக்காக அது 3 முதல் மேலே உள்ள கோப்பு எண்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் உள்ளே இருப்பதை ஓட்டும். நான் வெளியே 3-ஐத் திறந்து வைத்து, உள்ளே ஆப்ட் அதில் எழுதும் என்று காத்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. சூடோவுக்கு உள்ளே ஓடும் ஸ்கிரிப்டிலேயே 3-ஐத் திறந்து, வழக்கமான வெளியீட்டு வழியாக வெளியே அனுப்பியதும் வந்தது. இரண்டாம் குழி, வரிகளைப் பிரித்துப் படிக்கும் ஆக் நிரல். டெபியனிலும் உபுண்டுவிலும் ஆக் என்று கூப்பிட்டால் வழக்கமாக வருவது எம்-ஆக். பைப்பிலிருந்து படிக்கும்போது அது வாங்கும் பக்கமே சேர்த்து வைத்துப் படிக்கும். கிரெப்பிடம் பட்ட அடி மறுபடி. 'இன்டராக்டிவ்' என்ற விருப்பம் அதைத் தீர்க்கும், ஆனால் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லின் சாதாரண ரீட் வளையமே இந்த வேலைக்குப் போதும் என்று ஆக்கைக் கழற்றிவிட்டேன். வெளியீடு எத்தனை நிரல்களைக் கடக்கிறதோ அத்தனை இடத்திலும் அது தேங்கலாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்கால் நெடுக நடந்து பார்க்கத்தான் வேண்டும்.

பொய்த் துடிப்பு வேண்டாம்

இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும் நிமிடங்களில் ஸ்டேட்டஸ்-எஃப்டியிலும் புதிய வரி எதுவும் வராது. ஆப்ட்டுக்கே தெரியாத வேலை அது. அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது?

எளிய வழி, ஒவ்வொரு விநாடியும் நம் ஸ்கிரிப்டே ஒரு புள்ளியை அசைப்பது. முதலில் அதைத்தான் எழுதினேன், பிறகு அழித்தேன். அது என் ஸ்கிரிப்டு உயிரோடு இருப்பதைச் சொல்லும்; உள்ளே டிபிகேஜி செத்துக் கிடந்தாலும் புள்ளி ஆடிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற வட்டம் காட்டும் பல நிரல்கள் இந்தப் பொய்யைத்தான் சொல்கின்றன. நூல் அறுந்த பிறகும் ஓட்டமாக ஓடுகிற மிஷினை யாரும் நல்ல மிஷின் என்று சொல்லமாட்டார்கள், ஓட்டை விழுந்த துணிதான் இறங்கும்.

எனவே துடிப்பை வேலையோடு கட்டினேன். அப்டேட்டை, சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வழியாக, தனி சிகுரூப்பில் (நிரல் குழுவில்) ஓட்டினால், அதற்குள் பிறக்கும் எல்லா நிரல்களும் சேர்ந்து எவ்வளவு சிபியூ நேரம் எடுத்தன என்பதைக் கர்னல் ஒரே கோப்பில் வைத்திருக்கும். அந்த எண் ஏறினால் மட்டும் ஜன்னலில் 'வேலை நடக்கிறது, 2 நிமிடம் 10 விநாடி' என்று நேரம் நகரும். தொடர்ந்து 30 விநாடி ஏறவில்லை என்றால் வாசகம் மாறும்: 'அசைவு இல்லை. அணைக்க வேண்டாம், தம்பிக்குப் போன் போடவும்.' டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நிரலின் சிபியூ எண் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் தொடக்கத்தில் 10 விநாடி வைத்திருந்து, வீண் பயம் காட்டியதால் 30 ஆக்கினேன்.

கேட்கப்பட்ட கேள்வி வேறு

இவ்வளவும் செய்துவிட்டு, அக்காவிடமும் வாட்ச்மேன் அண்ணனிடமும் புது ஜன்னலைக் காட்டினேன். சதவீதம் தெரிகிறது, தமிழில் தெரிகிறது, துடிப்பு தெரிகிறது. வாட்ச்மேன் அண்ணன் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதெல்லாஞ் சரிங்க. நான் மெயினை எறக்கலாமா கூடாதா? அதைச் சொல்லுதுங்களா?"

சொல்லவில்லை. நான் பார்த்த எந்த டெர்மினல் அப்டேட் கருவியும் அதை நேராகச் சொல்வதில்லை. எவ்வளவு முடிந்தது, எந்த பேக்கேஜ், விநாடிக்கு எத்தனை கிலோபைட் என்று சொல்லும். செக்ஷனைப் பூட்டுகிறவருக்குத் தேவை ஒரே பதில்: இப்போது அணைத்தால் கெடுமா, கெடாதா? கேள்வி வந்த பிறகு பார்த்தால், அதற்கான பதில் கருவிக்குள்ளேயே இருக்கிறது. இறக்கும் கட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பாதி இறங்கியது அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். டிபிகேஜி கட்டத்தில் நிறுத்தக் கூடாது. டிஎல்ஸ்டேட்டஸ், பிஎம்ஸ்டேட்டஸ் என்ற இரண்டு சொற்களும் அந்த எல்லைக்கோட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. நான் அதைச் சதவீதத்துக்காக மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரித்தேன். இறக்குவது மட்டும் பகலில், தானாக, யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. ஆப்ட்டின் அன்றாடப் பணிகளிலேயே அதற்கு அமைப்பு உண்டு. 14 கம்ப்யூட்டரும் ஒரே பேக்கேஜைத் தனித்தனியாக இறக்காமல் இருக்க ஒரு கம்ப்யூட்டரில், இறக்கியதைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்தேன். மாலையில் ஐகானை அமுக்கினால் நிறுவுவது மட்டும். ஜன்னலில் 'கேன்சல்' பொத்தான் கிடையாது. மேலே பெரிய எழுத்தில் 'இப்போது அணைக்கக் கூடாது'. சதவீதம் அதற்குக் கீழே சின்னதாக. ட்ரிகர் கட்டம் வந்ததும் 'கடைசி வேலை. பட்டை நகராது, பயப்பட வேண்டாம்' என்று ஒரு வரி.

முடிந்ததும் 'இப்போது அணைக்கலாம்' என்று காட்டுவதாக இருந்தேன். அதைத் திருத்தியது அக்கா. "அணைக்கலாம்னு எதுக்குங்க சொல்லோணும்? முடிஞ்சதும் அதுவே அணைஞ்சுக்கிட்டா ஆகாதுங்களா? நானும் போயிருவேன், அண்ணன் லைட்டைப் பாத்துட்டு மெயினை எறக்கிருவாரு." நிட்டிங் மிஷின் விளக்கின் அதே தர்க்கம். பெட்டியின் முகப்பில் இருக்கும் சின்ன விளக்குதான் இப்போது எங்கள் செக்ஷனின் அறிவிப்பு. எரிந்தால் மெயினைத் தொடக் கூடாது, அணைந்தால் இறக்கலாம். ஜன்னலுக்கு முன்னால் யாரும் உட்கார வேண்டியதில்லை.

கட்டளை வரிக் கருவி எழுதுகிறவர்களுக்கு இதிலிருந்து நான் கேட்பது சில. முதல் வரியை உடனே சொல்லுங்கள், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே. அமுக்கியது கேட்டது என்று தெரியட்டும். பைப்புக்குள் எழுதுகிறோம் என்று தெரிந்தால் பட்டையை மட்டும் விட்டுவிட்டு, சில விநாடிக்கு ஒரு வெற்று வரியாவது விடுங்கள், அதையும் பிடித்து வைக்காமல் தள்ளிவிடுங்கள். கண்ட்ரோல்-சி அமுக்கினால் நிறுத்த முடியாத இடத்தில் இருந்தாலும் 'கேட்டது, இந்த பேக்கேஜ் முடிந்ததும் நிறுத்துகிறேன்' என்று அந்த விநாடியே பதில் சொல்லுங்கள். பதில் இல்லாதபோதுதான் மனிதர்கள் மறுபடி மறுபடி அமுக்குகிறார்கள், கடைசியில் சுவிட்சுக்குப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்தலாமா கூடாதா என்பதைச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது நிரலுக்குத் தெரியும். அதை ஊகிக்க முடியாதவர் திரைக்கு முன்னால் இருக்கிறவர்தான்.

இப்போதைய நிலை

புது ஏற்பாடு வந்தபின் அந்த செக்ஷனில் பாதியில் அணைந்த அப்டேட் இல்லை. ஆனால் கரண்ட் எங்கள் கையில் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டிப் பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். ஆடிக் காற்றில் லைன் டிரிப் ஆவதை யாரும் சொல்லமாட்டார்கள். யூபிஎஸ் பேட்டரி பழசு. அது தாங்கும் நேரம் இனிட்ராம்எஃப்எஸ் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைவு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அந்த 6 நிமிடம் பெருமளவு சுருங்கும் என்று முதலாளியிடம் கணக்குக் கொடுத்திருக்கிறேன். 14-இல் 4 கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, பேக்கிங் செக்ஷனுக்கு முதலில். மற்றவை தீபாவளி போனஸ் கணக்கு முடிந்த பிறகு என்றார். கட்டிங் செக்ஷனில் உள்ள கம்ப்யூட்டரின் முகப்பு விளக்கு எரிவதில்லை, வயர் அறுந்திருக்கிறது. வருகிற புதன்கிழமை அதை மாற்றப் போகிறேன்.